சமூக விசாரணை அறிக்கை எழுதப் போகிறீர்களா? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

“குடும்பச் சூழல் சரியில்லை. தீய நண்பர்களின் சேர்க்கையால் தவறான பாதைக்குச் சென்றுள்ளார்.”

குற்றச்சாட்டுக்கு ஆளான சிறார்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு, பையனின் வீடும் வாழ்க்கையும் பற்றிப் போகும் சமூக விசாரணை அறிக்கைகளில் இந்த இரண்டு வரியும் இல்லாத ஒன்றைப் பார்ப்பது அபூர்வம். பெயரையும் வயதையும் மாற்றினால் எந்தப் பையனுக்கும் பொருந்தும். இதைப் படித்துவிட்டுக் குழுமம் என்ன செய்யும்? பெரும்பாலும் எதுவும் செய்ய முடியாது. சில நேரம் செய்யக்கூடாததைச் செய்துவிடும்: வீடு சரியில்லை என்று அறிக்கையே சொல்கிறதே, பையன் கூர்நோக்கு இல்லத்திலேயே (வழக்கு முடியும்வரை சிறாரை வைத்திருக்கும் இடம்) இருக்கட்டும் என்று. அவனுக்கு உதவட்டும் என்று நாம் எழுதிய ‘பின்னணி’ அவனை உள்ளே வைத்துவிடுகிறது.

நன்னடத்தை அலுவலராகப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், களப்பணிக்காகக் குழுமத்துக்கோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ அனுப்பப்படும் சமூகப்பணி மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு நடைமுறைதான் மனதில் இருக்கிறது. வழக்குகளில் பெரும்பாலானவை பையன்கள் மீது என்பதால் ‘பையன்’ என்றே எழுதிப் போகிறேன்.

சட்டத்தில் இவ்வளவு தெரிந்தால் தொடங்கலாம்

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்தான் அடிப்படை. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. (சிறார்களுக்கென்று தனிச் சட்டம் என்பது நமக்குப் புதிதல்ல. சென்னை மாகாணம் 1920லேயே கொண்டுவந்துவிட்டது. இந்திய மாகாணங்களில் அதுதான் முதல்.) பிடிபட்ட சிறுவனை 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக்கூடாது. குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப்பணி உறுப்பினர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும் என்கிறது பிரிவு 13. மத்திய அரசின் 2016 மாதிரி விதிகளில் அதற்கான படிவம் 6. காவல்துறை தரும் சமூகப் பின்னணி அறிக்கை படிவம் 1. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குற்றச்சாட்டுகள் மூன்று வகை. மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ளவை சிறு குற்றங்கள். மூன்று முதல் ஏழு வரை உள்ளவையும், ஏழுக்கு மேல் தண்டனை இருந்தும் குறைந்தபட்சம் ஏழு ஆண்டு என்று வரையறுக்காதவையும் கடுங்குற்றங்கள். குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் கொடுங்குற்றம்.

பிரிவு 12ஐ மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஜாமீன் கொடுப்பதுதான் விதி. மறுக்க மூன்று காரணங்கள்தான் உண்டு: வெளியே விட்டால் அறியப்பட்ட குற்றவாளியோடு சேர நேரிடும், அவனுக்கு ஒழுக்க ரீதியாகவோ உடல், மன ரீதியாகவோ ஆபத்து வரும், நீதியின் நோக்கம் கெடும். குற்றச்சாட்டு எவ்வளவு கடுமையானது என்பது இந்த மூன்றில் இல்லை. அப்பாவின் வருமானமும் இல்லை. ஆனால் முதல் இரண்டு காரணங்களுக்கும் தீனி எங்கிருந்து வரும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் அறிக்கையிலிருந்துதான்.

படி 1: பையனைப் பார்க்கும் முன் காகிதங்களைப் பாருங்கள்

வயதுச் சான்று முதலில். பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்றிதழ், இரண்டுமே இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. பிரிவு 94 சொல்லும் வரிசை இது. இடைநின்ற பையன்களின் பள்ளிப் பதிவேடு பழைய தொடக்கப் பள்ளியில் தூங்கிக்கொண்டிருக்கும். தலைமையாசிரியரிடம் கேட்டால் கிடைத்துவிடும். 18 வயது ஆகிவிட்டதாக எழுதப்பட்டுச் சிறைக்குப் போன பையன்கள் உண்டு என்பதால் இதில் அலுப்புப் பார்க்க வேண்டாம்.

அடுத்து, வழக்கில் பெரியவர்கள் யாராவது சேர்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். 25 வயது ‘அண்ணன்’ ஒருவர் வண்டியும் செலவுக்குக் காசும் கொடுத்துப் பையனைப் பொட்டலம் கொண்டுபோகச் சொல்லியிருந்தால், குழந்தையைப் போதைப்பொருள் கடத்தப் பயன்படுத்தியதற்காக அந்த அண்ணன் மீதே பிரிவு 78 பாயும். சட்டவிரோதக் காரியங்களுக்குச் சிறாரைப் பயன்படுத்தும் பெரியவர்களுக்குப் பிரிவு 83 ஏழு ஆண்டு வரை தண்டனை வைத்திருக்கிறது. ‘தீய நண்பர்’ என்று நீங்கள் எழுதப் போகிறவருக்கு என்ன வயது என்பது அதனால்தான் முக்கியம். பையனைச் சேர்த்துவிட்ட நண்பன் என்பது ஒன்று, பையனைப் பயன்படுத்திய ஆள் என்பது வேறு.

படி 2: பையனோடு உட்காருங்கள்

கூர்நோக்கு இல்லத்தில் கண்காணிப்பாளர் மேசைக்கு எதிரே பையனை நிற்க வைத்து விசாரிப்பது சந்திப்பு ஆகாது. ஊழியர்கள் பார்க்கலாம், ஆனால் பேசுவது கேட்கக்கூடாது. அப்படி ஓரிடம் கேட்டு வாங்குங்கள். இருவரும் உட்காருங்கள். முதலில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள்: “தம்பி, நான் போலீஸ் இல்ல, வக்கீலும் இல்ல. உன்னப் பத்தி, உன் வீட்டப் பத்தி மேஜிஸ்ட்ரேட்டுக்கு எழுதிக் கொடுக்கிறது என் வேலை. நீ சொல்றத அவங்க படிப்பாங்க. சொல்ல வேணாம்னு தோணுறத நீ சொல்ல வேணாம்.” கடைசி வாக்கியத்தை விழுங்கிவிடாதீர்கள்.

சம்பவத்திலிருந்து தொடங்காதீர்கள். “ஏன்டா செஞ்ச?” என்று எல்லோரும் கேட்டு முடித்துவிட்டார்கள், அவனிடம் தயார் பதில் ஒன்று இருக்கும். செய்தானா இல்லையா என்று தீர்மானிப்பதும் நம் வேலை இல்லை. நேற்று இரவு தூங்கினாயா, சாப்பாடு இறங்குகிறதா, உடம்பில் எங்காவது வலிக்கிறதா என்று கேளுங்கள். அடிபட்ட தழும்பு புதிதாக இருந்தால் எந்த இடத்தில், எப்படிப்பட்டது என்று குறித்து அன்றைக்கே குழுமத்துக்குத் தெரிவிக்க வேண்டும், இரண்டு வாரம் காத்திருக்கக்கூடாது. அடித்தது காவலரா, கூர்நோக்கு இல்லத்தின் ஊழியரா என்ற தயக்கமெல்லாம் வேண்டாம். 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் தாக்கப்பட்டு இறந்தான். ஒரு சாதாரணத் திருட்டுப் புகாரில் பிடிபட்டு வந்தவன். ஊழியர்கள் கைதானார்கள், இல்லங்களை எப்படி நடத்துவது என்று பரிந்துரைக்க சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. தழும்பைக் கேட்பதும் எழுதுவதும் நம் வேலையின் பகுதிதான்.

அப்புறம் ஒரு சாதாரண நாளைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். காலையில் யார் எழுப்புவார்கள், என்ன சாப்பிடுவான், பகல் எங்கே போகும், இரவு எத்தனை மணிக்கு வீடு, வீட்டில் யார் யார் தூங்குவார்கள். இந்தப் பேச்சிலேயே பாதிப் படிவம் நிரம்பிவிடும். உங்களுக்குத் தெரியாத ஏரியா வார்த்தை வந்தால் தலையாட்டாமல் அவனிடமே அர்த்தம் கேளுங்கள். சொல்லிக் கொடுப்பவனாக இருப்பது அவனுக்குப் பிடிக்கும்.

படி 3: வருட வரிசை ஒன்று போடுங்கள்

ஒரு தாளில் பிறந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை கோடு போட்டு, ஒவ்வோர் ஆண்டுக்கும் எந்த வீடு, எந்த வகுப்பு, வீட்டில் யார் இருந்தார்கள், என்ன நடந்தது என்று நான்கு விவரம் எழுதுங்கள். பையன் சொல்வதை ஒரு நிறப் பேனாவிலும் அம்மா சொல்வதை வேறு நிறத்திலும். நான் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் விஷயங்களில் அதிகம் பயன்படுவது இதுதான்.

கோடு போட்டதும் சில இடங்கள் தானாகக் கண்ணில் படும். ஒன்பதாம் வகுப்பு அப்படி ஓர் இடம். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சியை நிறுத்தி வைப்பதில்லை. நல்ல ஏற்பாடுதான், நான் அதற்கு எதிரி அல்ல. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படும் பையன் எட்டு வருடம் பின் பெஞ்சில் மறைந்திருந்துவிட்டு ஒன்பதில் அகப்பட்டுக்கொள்கிறான். ஆசிரியர் எல்லோர் முன்னிலும் வாசிக்கச் சொல்கிறார், அவன் மட்டம் போடத் தொடங்குகிறான். அறிக்கையில் “படிப்பில் ஆர்வமில்லை” என்று வரும். செய்தித்தாளில் ஒரு பத்தியைக் கொடுத்து, தனியாக இருக்கும்போது, வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்கப் பரிந்துரைக்கலாம்; கண்ணும் காதும் சோதித்தார்களா என்றும் கேளுங்கள்.

இன்னோர் இடம், வீடு மாறிய வருடம். சென்னையில் நீர்நிலைக் கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களில், கல்வியாண்டு நடுவில் இடம் மாறி, பழைய பள்ளி தூரமாகி, புதிய பள்ளியில் ஒட்டாமல் நின்றுபோன பிள்ளைகள் உண்டு. அந்த முகவரியைச் சொன்னாலே சந்தேகத்தோடு பார்க்கும் ஊர் இது. அதனால் “குற்றப் பின்னணி உள்ள பகுதியில் வசிக்கிறார்” என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். அந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வசிக்கிறார்கள். இவனைப் பற்றி அந்த வரி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் நடந்த சாவு, அப்பா விட்டுப் போனது, அம்மா வேலைக்கு வெளியூர் போனது, அக்காவின் திருமணக் கடன், பையன் முதன்முதலாகக் கூலிக்குப் போனது எல்லாம் அந்தக் கோட்டில் வரட்டும். சம்பவத்துக்கு முந்தைய 12 மாதத்தை மட்டும் மாதவாரியாக விரித்து எழுதுங்கள்.

படி 4: வீட்டுக்குப் போங்கள்

கூலி வேலைக்குப் போகிறவர்கள் பகல் பதினொரு மணிக்கு வீட்டில் இருக்க மாட்டார்கள். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு “பெற்றோர் ஒத்துழைக்கவில்லை” என்று எழுதுவது அநியாயம். மாலையில் போங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை. ஜீப்பில் போகாதீர்கள். பக்கத்து வீட்டாரிடம் வழக்கைப் பற்றி மூச்சு விடக்கூடாது. பையனின் அடையாளம் வெளியே வந்தால் பிரிவு 74இன் கீழ் அது குற்றம், ஆறு மாதச் சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கப்படலாம்.

பிடிபடும் சிறார்கள் அநாதைகள் என்ற நினைப்போடு போகாதீர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளில் வருடம் தவறாமல் வரும் செய்தி, அவர்களில் பெரும்பாலானோர் 16 முதல் 18 வயதினர், பெற்றோருடன் வசிப்பவர்கள் என்பது. ஆக, குடும்பம் இருக்கிறது. அதில் யார் பையனைப் பிடித்து நிறுத்தக்கூடியவர் என்று கண்டுபிடிப்பதுதான் வீட்டுக்குப் போவதன் பயன். பெரும்பாலும் அது அப்பாவாக இருக்காது. பாட்டியோ, தாய்மாமனோ, கிரிக்கெட் சொல்லித் தரும் பக்கத்துத் தெரு அண்ணனோ இருப்பார்கள். அவரைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம்.

அம்மா அழுவார். வழக்கு விழுந்துவிட்டது, இனி அரசு வேலை கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பிரிவு 24ஐ அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள்: இந்தச் சட்டத்தின் கீழ் முடியும் வழக்கால் பையனுக்குத் தகுதியிழப்பு எதுவும் வராது, பதிவுகளும் உரிய காலத்துக்குப் பின் அழிக்கப்பட வேண்டும். 16 வயது நிறைந்து, பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி என்று தீர்ப்பானவர்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

படி 5: மனநலம் பற்றி எதை எழுதலாம்

நீங்கள் மனநல மருத்துவர் இல்லை என்றால் நோயின் பெயர் எழுதக்கூடாது. பார்த்ததையும் கேட்டதையும் எழுதலாம்.

அடைத்து வைக்கப்பட்ட பதின்வயதினரைப் பற்றிப் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று 2020இல் வந்தது. பையன்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கும், பெண்களில் நான்கில் ஒருவருக்கும் தீவிர மனச்சோர்வு இருந்தது. மனச்சிதைவு போன்ற கடும் நோய்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். எல்லாவற்றையும்விட அதிகம் பதிவானது ‘நடத்தைக் கோளாறு’, பாதிப் பேருக்கும் மேல். இந்தப் பெயரை எங்காவது பார்த்தால் உஷாராக இருங்கள். திருடுவது, சண்டை போடுவது, வீட்டைவிட்டு ஓடுவது, மட்டம் போடுவது இவையெல்லாம் அந்தக் கோளாறின் அடையாளங்கள். திருடியதால் அந்தப் பெயர் வைக்கிறோம். பிறகு அந்தக் கோளாறு இருப்பதால்தான் திருடினான் என்கிறோம். ஒரு சுற்றுச் சுற்றி நின்ற இடத்துக்கே வந்துவிட்டோம், காரணம் கிடைக்கவில்லை.

மனச்சோர்வு பையன்களிடம் பல நேரம் அழுகையாக வராது, எரிச்சலாக வரும். “திமிராகப் பதில் சொல்கிறான்” என்று இல்ல ஊழியர் சொன்னால், தூக்கம், பசி, யாரோடும் சேராமல் இருப்பது ஆகியவற்றையும் கேட்டுவிடுங்கள். முன்கையில் வரிசையாகப் பிளேடு கீறல்கள் இருந்தால் பலர் அதை ரவுடித்தனத்தின் அடையாளம் என்று தள்ளிவிடுவார்கள். எப்போது, எதற்காகக் கீறிக்கொண்டான் என்று கேளுங்கள். சாகத் தோன்றியதா என்றும் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இல்லத்துக்கு வந்த முதல் சில நாட்கள்தான் ஆபத்தானவை. ஆம் என்றால் அவனைத் தனியே விடாமல், அன்றே மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்நேரமும் கிடைக்கும்.

எதைக் கேட்டாலும் “ஆமாம் சார்” என்று சொல்லும் பையனைப் பணிவானவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஆமாம் வந்தால் அறிவுத்திறன் குறைபாடு இருக்கலாம். காவல் நிலையத்தில் அவன் எதற்கெல்லாம் ஆமாம் சொல்லியிருப்பான் என்பதும் கேள்விதான். தலையில் அடிபட்டு மயங்கியது உண்டா, வலிப்பு வந்ததுண்டா என்பதை அம்மாவிடம் கேளுங்கள்.

போதையைப் பற்றிக் கேட்கும்போது “பழக்கம் உண்டா?” என்றால் இல்லை என்பான். பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கூல் லிப், ஹான்ஸ், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், கஞ்சா, வலி மாத்திரை, சரக்கு. எந்த வயதில் எது, யார் முதலில் கொடுத்தது, கடைசியாக எப்போது. மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டவன் என்றால் ரத்தப் பரிசோதனை தேவை. திடீரென்று நின்றதால் நடுக்கம், வாந்தி, தூக்கமின்மை இருந்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். சிகிச்சை தேவைப்படும் பையனைத் தகுந்த இடத்துக்கு மாற்றக் குழுமத்துக்குப் பிரிவு 93 அதிகாரம் தருகிறது.

படி 6: ஏழ்மையில் அடங்காத வழக்குகள்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு பட்டியல் சாதி மாணவர் ஒருவரைக் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். குறுக்கே வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களும் சிறார்கள், பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். இங்கே வறுமை, இடைநிற்றல் என்று எழுதினால் விஷயத்தையே விட்டுவிடுகிறோம். கையில் கட்டிய சாதிக் கயிறு என்ன நிறம், யார் கட்டிவிட்டது, எந்தத் தலைவரின் படம் போட்ட ஃப்ளெக்ஸுக்கு வசூல் செய்தான், வீட்டில் பெரியவர்கள் அந்தப் பிள்ளையைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பதெல்லாம் கேட்க வேண்டியவை. வீட்டில் சாதியைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படும் அலுவலர்கள் இருக்கிறார்கள். படிவத்தில் சாதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

காதல் வழக்கு இன்னொரு வகை. 17 வயதுப் பையன், 16 வயதுப் பெண், ஓடிப்போனார்கள், பெண் வீட்டார் புகார். போக்சோவில் ஊடுருவும் பாலியல் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே பத்து ஆண்டு, எனவே கொடுங்குற்றப் பட்டியலில் வந்துவிடும். இருவருக்கும் எத்தனை நாள் பழக்கம், வீட்டாருக்கு முன்பே தெரியுமா, மிரட்டலோ ஏமாற்றோ இருந்ததா என்பதைப் பையன் தரப்பிலிருந்து நிதானமாக எழுதுங்கள். பெண்ணைப் போய் விசாரிக்கக்கூடாது.

பெண் பிள்ளைகள் மீதான வழக்குகள் குறைவு. ஆனால் அவர்கள் கதையில் வீட்டுக்குள் நடந்த பாலியல் வன்முறை வெளிவர வாய்ப்பு அதிகம். பெண் அலுவலர் பேசுவதே நல்லது. அப்படி ஒன்று தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். இதைப் பேச்சைத் தொடங்கும்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

16 வயது நிறைந்தவன் மீது கொடுங்குற்றச் சாட்டு என்றால் அவனைப் பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று முடிவு செய்யப் பிரிவு 15இன் படி முதல்நிலை மதிப்பீடு நடக்கும். குற்றம் செய்யும் மன, உடல் திறன், விளைவைப் புரிந்துகொள்ளும் ஆற்றல், சம்பவச் சூழ்நிலை ஆகியவற்றைத்தான் அதில் பார்ப்பார்கள். உறுப்பினர்களுக்கு உளவியல் பின்புலம் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த மதிப்பீட்டை உங்கள் தலையில் யாராவது கட்டப் பார்த்தால் ஏற்க வேண்டாம். உங்கள் வருட வரிசையை நிபுணரிடம் கொடுங்கள், அதுவே பெரிய உதவி.

படி 7: எழுதுங்கள்

ஒவ்வொரு தகவலுக்கும் யார் சொன்னது என்று குறிக்க வேண்டும். ‘குற்றவாளி’ என்ற சொல் எங்கும் வரக்கூடாது. ஒரு மாதிரி பாருங்கள்.

“தந்தை குடிப்பழக்கம் உடையவர். வீட்டில் கண்காணிப்பு இல்லை.” இப்படி எழுதினால் ஜாமீன் போய்விடும். அதே வீட்டைப் பற்றி இப்படியும் எழுதலாம்: “தந்தை வாரத்தில் மூன்று நான்கு நாள் குடிப்பதாகத் தாய் கூறினார். அந்த இரவுகளில் சிறுவன் இரண்டு தெரு தள்ளியுள்ள தாய்மாமன் வீட்டில் தூங்குகிறான். மாமனைச் சந்தித்தேன். வழக்கு முடியும்வரை சிறுவனைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள எழுத்தில் சம்மதம் தந்துள்ளார்.” இரண்டிலும் பொய் இல்லை. இரண்டாவதைப் படிக்கும் நடுவருக்கு உத்தரவு போட ஒரு வழி கிடைக்கிறது.

பரிந்துரைப் பகுதியில் “கவுன்சிலிங் வழங்கலாம்” என்று மட்டும் எழுதினால் யாரும் வழங்க மாட்டார்கள். யார், எங்கே, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் முதல் சந்திப்பு எந்தக் கிழமை. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதுவானா, திறந்தநிலைப் பள்ளியா, இல்லை எட்டு முடித்தவர்களை எடுக்கும் ஐடிஐ பிரிவா. மூன்றில் எது வேண்டும் என்று அவனிடம் கேட்டீர்களா? கணவரை இழந்த தாய் என்றால் மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்குப் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் போடலாம். வக்கீல் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். பிரிவு 18இன் கீழ் எச்சரித்து அனுப்புவது முதல், முடிவு வந்தபின் சிறாரை வைக்கும் சிறப்பு இல்லத்தில் மூன்று ஆண்டு வரை பல வகை உத்தரவுகள் இருக்கின்றன. எது பொருத்தம் என்று காரணத்தோடு சொல்ல உங்களுக்கு இடம் உண்டு, தயங்காதீர்கள்.

கடைசியாக, அறிக்கை ரகசியமானது என்கிறது பிரிவு 99. மூடிய உறையில் குழுமத்திடம் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம், ‘ஒரு பார்வைக்கு’ என்று கேட்கும் காவல் நண்பருக்கும் கூடாது. ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ், வீடு என்று போனில் எடுத்த படங்களைக் கோப்பில் சேர்த்ததும் அழித்துவிடுங்கள். கேலரியில் மட்டும் அழித்தால் போதாது, ட்ராஷிலும் பாருங்கள்.